வாசலிலேயே காற்று: 12 வோல்ட் இன்ஃப்ளேட்டருடன் ஓராண்டு

சென்ற ஆண்டு சித்திரையில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்த மறுநாள், ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டார். ஷாக் அப்சார்பரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுக்காரரின் ஏர் கேஜை வாங்கி வைத்துப் பார்த்தபோது நான்கு சக்கரங்களிலும் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ என்று காட்டியது. எங்கள் வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் அச்சிட்டிருப்பது 33. சர்வீஸ் பில்லுடன் இணைத்துக் கொடுத்திருந்த தாளில் ‘டயர் காற்று’ என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக் போட்டிருந்தார்கள். அந்த டிக்தான் 2,400 ரூபாய் கொடுத்து இந்தக் கருவியை வாங்க வைத்தது.

வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓடவிட்டு டயருக்குக் காற்றடிக்கும், டிஜிட்டல் திரை கொண்ட 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் அது. பிராண்டின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த உடலும் ஒரே மோட்டாரும் ஒட்டிய பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இணையக் கடைகளில் விற்பனையாவதால், பெயரைச் சொல்வதைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பின் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதே உதவும். கோயம்புத்தூரில் ஐந்து பேர் கொண்ட குடும்பம், 235/65 ஆர்17 அளவு டயர்கள் கொண்ட ஒரு எஸ்யூவி, மாதம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட்டம் என்ற பின்னணியில் இதை வாசிக்கலாம்.

கருவிக்கு முன் அந்த 33 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் தவறான எண்ணை வைத்தால் தவறான காற்றைத்தான் அது துல்லியமாக அடைத்துக் கொடுக்கும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் அட்டையாக ஒட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் இதுவல்ல. அங்கே ‘மேக்ஸ்’ என்ற சொல்லோடு இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே; அதே டயர் எடை குறைந்த ஒரு காருக்கும் எங்கள் எஸ்யூவிக்கும் பொருந்தும் என்பதால், வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டயருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் அட்டையில் இரண்டு வரிகள் உள்ளன: சாதாரண ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் 33, ஆட்கள் நிறைந்து சாமானும் ஏறினால் பின்சக்கரங்களுக்கு மட்டும் 36. ஆறு ஆண்டுகளாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தும், இரண்டாவது வரி ஒன்று இருப்பதை நான் கவனித்தது இந்தக் கருவி வந்த பிறகுதான்.

அட்டையில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது நிறுத்தத்துக்குப் பின் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பங்க்கை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அருகில் உள்ள பங்க் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதிலும் அங்கே போவது பெரும்பாலும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பும் வழியில். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு வாசலில் 33 என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பி, திருப்பூர் சேர்ந்ததும் மீண்டும் வைத்துப் பார்த்தேன்: முன்சக்கரங்களில் 38, பின்சக்கரங்களில் 37. உருளும்போது பக்கச்சுவர் வளைந்து வளைந்து நிமிர்வதில் டயர் சூடாகிறது, சூடானதும் உள்ளே இருக்கும் காற்று விரிய இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. இது எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்ட ஏற்றம். அந்த நிலையில் பங்க்கில் நிறுத்தி “33 வையுங்க” என்று சொன்னால், இயந்திரம் சொன்ன சொல் மாறாமல் 5 பிஎஸ்ஐ காற்றை வெளியேற்றிவிடும். மறுநாள் காலை ஆறிய டயரில் இருப்பது 28. இப்படிக் காற்று ‘சரிபார்த்து’க்கொண்டே எத்தனை ஆண்டுகள் குறைந்த காற்றில் ஓட்டினேனோ தெரியவில்லை. ஆகவே வீட்டு வாசலில் இருக்கும் கருவியின் உண்மையான பயன், காற்றடிக்கும் வசதியைவிட, டயர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் நாம் அதன் பக்கத்தில் இருக்கிறோம் என்பதுதான்.

இனி கருவிக்கு வருகிறேன். ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் அளவுள்ள பெட்டி, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மின்கம்பி 3 மீட்டர், காற்றுக் குழாய் சுமார் 60 சென்டிமீட்டர். நம் வண்டியில் சாக்கெட் முன்பக்கம் கியருக்கு அருகில் இருப்பதால், முன்கதவைத் திறந்து கம்பியை வெளியே எடுத்து இடது பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனால் கம்பி வீணைத் தந்தி போல் இழுபட்டு நிற்கிறது. நீளமான ஏழு இருக்கை வண்டி வைத்திருப்பவர்கள் 3 மீட்டர் கம்பியை நம்பி வாங்க வேண்டாம். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப் உள்ள மாதிரியையோ, 4 மீட்டருக்கு மேல் கம்பி உள்ளதையோ தேட வேண்டும். சாக்கெட்டுக்கான ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குவதும் நல்லது, ஏனெனில் 120 வாட் கருவி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை ஓடவிட்டுப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மூடிய கார் ஷெட்டுக்குள் அதைச் செய்யாமல் வண்டியை வாசலுக்கு எடுத்து வந்து செய்ய வேண்டும்.

வால்வின் மூடியைக் கழற்றி, பித்தளை முனையைத் திருகி மாட்டி, திரையில் 33 வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஓடத் தொடங்குகிறது. ஓடுகிறது என்பது மென்மையான சொல். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுப் பாட்டி வெளியே வந்து போர்வெல் போடுகிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை: 28-இலிருந்து 33-க்கு ஏற ஒரு சக்கரத்துக்கு 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது, நான்கையும் முடித்து மூடிகளைப் போட்டு நிமிரக் கால் மணி நேரம். முற்றிலும் காற்றிறங்கிய டயரை நிரப்ப 8 நிமிடம் பிடித்தது. தொடர்ந்து 10 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கருவியின் முதுகிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மதிக்கலாம், ஏனென்றால் எட்டாவது நிமிடத்தில் அந்தப் பித்தளை முனையைத் தொட்ட என் கட்டைவிரல் இரண்டு நாள் நினைவூட்டிக்கொண்டிருந்தது. இப்போது டேஷ்போர்டில் ஒரு பழைய துணி கிடக்கிறது.

வைத்த அளவில் தானாக நின்றுவிடும் வசதி உண்மையில் வேலை செய்கிறது, ஆனால் அதில் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. முதலாவது, மோட்டார் ஓடும்போது திரையில் தெரிவது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். அது டயருக்குள் இருப்பதைவிடக் கூடுதல். நின்ற பிறகு காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, திருகு முனையைக் கழற்றும் இரண்டு மூன்று சுற்றுகளில் ‘உஸ்’ என்று கொஞ்சம் காற்று போய்விடும். நிதானமாகக் கழற்றினால் ஒரு பிஎஸ்ஐ வரை இழக்கிறேன். வேகமாகக் கழற்றினால் அரை. மாதிரி எதுவானாலும் இந்தத் திருகு முனை இருந்தால் இந்த இழப்பு இருக்கும். நெம்புகோல் முனை உள்ளவற்றில் இது குறைவு, ஆனால் அவை பழையதாகும்போது வால்வில் பிடிமானம் இழந்து துள்ளுகின்றன. நான் 33-க்குப் பதில் 34 வைத்து அடித்து, கழற்றியதும் தனிக் கேஜால் பார்த்து முடிக்கிறேன்.

தனிக் கேஜ் என்று சொன்னேன். இந்த மதிப்புரையில் என் முதன்மையான பரிந்துரை அதுதான். 450 ரூபாய்க்கு ஒரு நல்ல டயல் கேஜ் வாங்கினேன், இன்ஃப்ளேட்டரைவிட அதைத்தான் அதிகம் கையில் எடுக்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் அளவியை அப்படியே நம்ப முடியாது. வாங்கிய முதல் வாரத்திலேயே இதன் திரை என் டயல் கேஜைவிட ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டியது. இரண்டில் எது சரி? வீல் அலைன்மென்ட் செய்யும் ஒரு டயர் கடையில் காலையில் முதல் ஆளாகப் போய் நின்று, அவர்களுடைய மாஸ்டர் கேஜோடு இரண்டையும் ஒரே சக்கரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். டயல் கேஜ் அவர்களுடையதோடு ஒத்துப்போனது. இன்ஃப்ளேட்டர் அதே ஒன்றரை பிஎஸ்ஐ மிகையாகவே இருந்தது. எந்தச் சக்கரத்திலும் எந்த வெயிலிலும் அதே ஒன்றரைதான் என்பதால் இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. மாறாத பிழையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் தனிக் கேஜ் இல்லாதவர், 33 என்று நினைத்துக்கொண்டு, முனையைக் கழற்றும் இழப்பையும் சேர்த்து 31-இல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

கேஜும் கருவியும் கையில் இருந்தால் ஒரு பழக்கம் தானாக வருகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள், நான்கு எண்களையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: கிழக்குப் பார்த்த வாசலில் எட்டரை மணிக்கே வெயில் படும் பக்கத்து இரண்டு டயர்கள் நிழற்பக்கத்தைவிட 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதை நம்பி அந்தப் பக்கத்துக் காற்றை இறக்கினால் சாயங்காலம் வண்டி ஒரு பக்கம் குறைந்திருக்கும். நல்ல டயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் ரப்பர் வழியாகவே இழக்கும். என் நோட்டில் மூன்று சக்கரங்கள் அப்படியே 33, 32, 33 என்று போய்க்கொண்டிருந்தபோது இடது பின்சக்கரம் மட்டும் 33-இலிருந்து ஒரே வாரத்தில் 30-க்கு வந்தது. ஆணி எதுவும் தெரியவில்லை. பஞ்சர் கடை அண்ணன் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார், மெல்லிய குமிழ் ஒன்று உப்பி உடைந்தது. உள்ளே இருந்த வால்வு பின்னை மாற்றினார், 20 ரூபாய். கண்ணால் பார்த்து இது தெரிந்திருக்குமா என்றால் தெரியாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் கொஞ்சம் உப்பித்தான் நிற்கும், 26-க்கும் 33-க்கும் உள்ள வேறுபாட்டை எட்டி உதைத்துப் பார்ப்பவர் காலும் சொல்லாது.

வண்டியிலேயே காற்று குறைந்தால் எரியும் விளக்கு இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று என் மைத்துனர் கேட்டார். அந்த விளக்கின் பிறப்புக் கதையிலேயே விடை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்புறம் ஓட்டத்தில் உரிந்து வண்டிகள் கவிழ்ந்த விவகாரத்தில் 65 லட்சம் அளவிலான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வண்டிக்கு ஃபோர்ட் பரிந்துரைத்திருந்த காற்று 26 பிஎஸ்ஐ. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. குறை டயரிலா, வண்டியிலா, காற்றிலா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அதே ஆண்டில் அங்கே நிறைவேறிய சட்டத்தின் வழியாகத்தான் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பு புதிய வண்டிகளில் கட்டாயமானது. ஆனால் அந்த விதி கேட்பது, அட்டை அளவில் 25 விழுக்காடு குறையும்போது விளக்கு எரிய வேண்டும் என்பதை மட்டுமே. என் வண்டிக்குக் கணக்கிட்டால் அது 25 பிஎஸ்ஐக்குச் சற்றுக் கீழே. 27-இல் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, மே மாத மதியத்தில், சேலம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் இப்படி அமைத்த விளக்கு வாய் திறக்காது. மேலும், வால்வில் உணரி இல்லாமல் சக்கரச் சுழற்சியின் வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வகை வண்டிகளில், நான்கு சக்கரங்களிலும் ஒன்றுபோலக் காற்று குறைந்தால் அதைக் கண்டுகொள்வது கடினம். மாதாமாதம் நடப்பதோ அப்படிப்பட்ட குறைவுதான்.

டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது கருவியையும் எடுத்துச் சென்றேன். ஐந்து பேர், மூன்று பெட்டிகள், அம்மாவின் அரிசி மூட்டை உட்பட. அட்டையின் இரண்டாவது வரிப்படி கிளம்பும் முன் பின்சக்கரங்களை 36-க்கு ஏற்றினேன். மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பின்பக்கம் முன்பு போல் அலையவில்லை என்பதை ஓட்டும் கை உணர்ந்தது. மறுநாள் காலை ஊட்டியின் குளிரில் கேஜை வைக்கும்போது பெரிதாக இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஏனெனில் வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பது கணக்கு. முன்சக்கரம் 33-ஐவிட முள் அகலம் மேலே காட்டியது. விடுதி அறைக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கோவையைவிட 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு என்பதால், குளிர் எடுத்ததை உயரம் கொடுத்துவிட்டது. மலையில் எதையும் தொடாமல் விட்டது நல்லதாயிற்று. இறங்கும்போது பர்லியாறில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் பிரேக் சூடும் சேர்ந்து முன்சக்கரங்கள் 39 காட்டின, அப்போதும் தொடவில்லை.

நைட்ரஜன் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கட்டணம் கொடுத்து அடைத்தவர்கள் இந்தக் கருவியால் மேலே சாதாரணக் காற்று சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

பணக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 விழுக்காடு அளவில் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. நான் முன்பு போல் 5 பிஎஸ்ஐ குறைவாகவே ஓட்டியிருந்தால் ஒரு விழுக்காடு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டியில் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 80 ரூபாய்ப் பக்கம். பெட்ரோல் மிச்சத்தில் மட்டும் இந்தக் கருவி தன் விலையை எடுக்க இரண்டரை ஆண்டுகள் ஆகும். விளம்பரங்கள் சொல்வது போல் அது ஒன்றும் பெரிய லாபமில்லை. டயரில்தான் கணக்கு மாறுகிறது. என் பழைய டயர்களை மாற்றியபோது இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பட்டை மட்டும் உயிரோடு இருந்தது, குறைந்த காற்றின் கையெழுத்து அது. 40-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் நடு தேய்ந்து ஓரம் மிஞ்சியிருக்கும். இந்த அளவில் ஒரு டயர் 9,000 ரூபாய்க்கு மேல்.

சார்ஜ் செய்து கையில் தூக்கிச் செல்லும் கம்பியில்லாக் கருவிகளை நண்பர் ஒருவரிடம் வாங்கி இரண்டு வாரம் பயன்படுத்தினேன். சத்தம் குறைவு, எந்தச் சக்கரத்துக்கும் எட்டும், அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு எஸ்யூவியின் முழு டயரை அடிமட்டத்திலிருந்து நிரப்பினால் பாதிக்கு மேல் சார்ஜ் தீர்ந்தது. மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துவிட்டுப் போகவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டு அலமாரியில் வைத்து மாதம் ஒரு முறை எடுப்பவர்களுக்கு அதுவே மேல். வண்டியிலேயே கிடந்து நடுவழியில் உதவ வேண்டும் என்பவர்களுக்குக் கம்பியுள்ளது. அடுக்கு மாடியில் மூன்றாம் அடித்தளத்தில் வண்டி நிறுத்துபவர்கள் எஞ்சினை ஓடவிட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்; அவர்களுக்குக் கேஜ் மட்டும் போதும், காலையில் ஆறிய டயரை அளந்து எத்தனை பிஎஸ்ஐ குறைவு என்று தெரிந்துகொண்டு, பங்க்கில் அப்போது காட்டும் அளவுக்கு மேல் அத்தனையைச் சேர்க்கச் சொன்னால் முடிந்தது.

ஓராண்டில் கருவியில் பழுதானது ஒன்றே ஒன்று: இருட்டில் உதவும் என்று முன்னால் வைத்திருந்த விளக்கு ஐந்தாம் மாதமே அணைந்துவிட்டது. அளவு அலகை மாற்றும் பொத்தானைச் சின்னவன் ஒருமுறை அழுத்திவிட, 33-க்குப் பதில் 2.3 என்று பார் அளவில் காட்டியதைக் கண்டு கருவியே போய்விட்டது என்று ஒரு நிமிடம் பதறியது என் குற்றம்.

நான்கு சக்கரங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எட்டாம் மாதத்தில்தான் ஐந்தாவது ஞாபகம் வந்தது. எங்கள் ஸ்டெப்னி வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்குகிறது. வால்வு மேல்நோக்கி இருப்பதால் அதை இறக்காமல் எட்ட முடியாது. ஜாக்கிக் கம்பியைச் செருகிச் சுற்றிச் சுற்றி இறக்கி, மண்ணைத் துடைத்துக் கேஜை வைத்தால் 14. அன்று கருவி ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓடியது, எதிர்வீட்டுப் பாட்டி இந்த முறை வெளியே வரவில்லை. ஸ்டெப்னியை 36-இல் வைத்து மீண்டும் மேலேற்றினேன், ஏனென்றால் அது எந்தச் சக்கரத்தின் இடத்துக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது, அதிகமாக இருப்பதை நடுரோட்டில் இறக்க விரல் நகம் போதும்.